கணபதி விடுமுறையில் மொரீஷியஸ்: எந்தக் கரை, என்ன விளையாட்டு, காற்று எந்தப் பக்கம்?

முலுண்ட்வாசி, ஜூன் 10, 2024, மாலை 7.15

கணபதி விடுமுறைக்கு மொரீஷியஸ் போகலாம் என்று இருக்கிறோம். நானும் மனைவியும், 9 வயதுப் பெண், 5 வயதுப் பையன், எழுபதைத் தொடும் அப்பா அம்மா. வீட்டில் நீச்சல் தெரிந்தவர் மனைவி மட்டும். இங்கே ஒரு ஏஜென்ட் கிழக்குக் கரையில் பெல் மார் பக்கம் ரிசார்ட் போட்டு, ஐந்து வாட்டர் ஸ்போர்ட்ஸ் சேர்த்துப் பேக்கேஜ் தருகிறார்: பாராசெயிலிங், ட்யூப், பனானா போட், கடலடி நடை, அடியில் கண்ணாடி பதித்த கண்ணாடிப் படகு. தீவைச் சுற்றிப் பவளப் பாறை வேலி மாதிரி நிற்கிறது, உள்ளே இடுப்பளவு தண்ணீர்தான், மும்பைக் கடல் போல பயமே இல்லை, நீச்சல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்கிறார். எவ்வளவு சரி? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

செட்டாநகர், ஜூன் 10, இரவு 11.05

ஏஜென்ட் சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை நம்பிப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.

வேலை விஷயமாக மொரீஷியஸில் எபேன் என்ற ஊரில் இருந்தேன், குடியிருந்தது காத்ர் போர்னில். வார இறுதி வந்தால் பஸ் பிடித்து ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரை. அந்த ஊர்க்காரர்கள் எங்கே இறங்குகிறார்கள், எங்கே காலைக்கூட நனைக்க மாட்டார்கள் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தீவைச் சுற்றி ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்குப் பவளப் பார், அதாவது நீங்கள் சொன்ன அந்தப் பவளப் பாறை வேலி, ஓடுகிறது. வெளியே இந்தியப் பெருங்கடலின் அலை வந்து பாரில் அடித்து உடையும். வெள்ளைக் கோடாகத் தூரத்தில் தெரிவது அதுதான். உடைந்த அலையின் தண்ணீர் பாரைத் தாண்டி உள்ளே லகூனில், அதாவது பாருக்கும் கரைக்கும் நடுவே உள்ள தண்ணீரில், கொட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தண்ணீர் திரும்பிப் போக வழி வேண்டும் அல்லவா? பாரில் அங்கங்கே உள்ள இடைவெளிகள்தான் வழி. அங்கே அதை ‘பாஸ்’ என்பார்கள். லகூன் தண்ணீர் முழுக்க அந்த வாய்களை நோக்கித்தான் நகர்கிறது. வெளியே அலை பெரிதாக எழும்பும் நாளிலும், கடல் வற்றும் நேரத்திலும் இழுப்பு அதிகம். இடுப்பளவில் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டே அந்தப் பக்கம் நகர்ந்தால் கால் தரையை விட்டுவிடும்.

பாஸ் எங்கே இருக்கும் என்று ஊகிக்க ஒரு வழி உண்டு. ஆற்றின் நல்ல தண்ணீரும் வண்டலும் வந்து கலக்கும் இடத்தில் பவளம் வளர்வதில்லை. ஆற்று முகத்துக்கு நேரே பார் பெரும்பாலும் திறந்துதான் இருக்கும். தாமரின் விரிகுடா அப்படித்தான். அங்கே அலை நேராகக் கரைக்கே வருகிறது, அதனால்தான் அலைச்சறுக்கு ஆட்கள் அங்கே கூடுகிறார்கள்.

கரையில் நின்று வெள்ளைக் கோட்டைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள். கோடு அறுபட்டு, தண்ணீர் கருநீலமாக, அலை உடையாமல் தெரிகிற இடம் எதுவோ அதுதான் வாய். அதற்கு நேரே பிள்ளைகளை இறக்கக் கூடாது. அவ்வளவுதான்.

செட்டாநகர், ஜூன் 11, காலை 8.40

ரயிலில் இருந்து எழுதுகிறேன். நேற்று மாதத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

மொரீஷியஸ் மகர ரேகைக்குச் சற்று வடக்கே, பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறது. நம்முடைய மழைக்காலம் அவர்களுக்குக் குளிர்காலம். மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்கிலிருந்து காற்று விடாமல் அடிக்கும், ஜூலை முதல் செப்டம்பர் வரை அதுவே உச்சம். பெல் மார், த்ரூ தோ தூஸ் எல்லாம் அந்தக் காற்று முதலில் வந்து மோதுகிற கரை. நீங்கள் போவதும் அந்த நேரத்தில்தான். மணல் கணுக்காலில் ஊசி குத்துவது போலக் குத்தும். கடல் தண்ணீர் 22, 23 டிகிரி இருக்கும். நம் ஜூஹுத் தண்ணீருக்குப் பழகிய குழந்தை கால் மணி நேரத்தில் உதடு நீலம் பாய்ந்து வெளியே ஓடி வரும்.

வடமேற்கிலும் மேற்கிலும் நிலைமை வேறு. மோன் ஷுவாசி, த்ரூ ஓ பிஷ், பெரிபேர், ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் எல்லாம் காற்று மறைவில் இருக்கின்றன. செப்டம்பருக்கு ரிசார்ட்டை அந்தப் பக்கம் மாற்றச் சொல்லுங்கள்.

நவம்பருக்குப் பிறகு போகிறவர்களுக்கு இது தலைகீழ். அப்போது தண்ணீர் வெதுவெதுப்பு, காற்று மெல்லிசு, ஆனால் புயல் காலம். சைக்ளோன் எச்சரிக்கை 1 முதல் 4 வரை வகுப்பாக அறிவிப்பார்கள். 3 வந்தால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும்.

செட்டாநகர், ஜூன் 11, இரவு 10.50

“அப்போ மேற்குக் கரை போனால் கவலையே இல்லை, கிழக்குதான் ஆபத்து” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த இழையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பீர்கள் என்றால் அடுத்த பத்தியை வையுங்கள்.

தென்கிழக்குக் காற்று கிழக்குக் கரையில் கடலிலிருந்து நிலத்துக்கு அடிக்கிறது. தண்ணீர் கலங்கும், நுரை வரும், பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் மிதக்கிற பொருளைக் கரைக்குத் தள்ளும். மேற்குக் கரையில் அதே காற்று தீவைக் கடந்து வந்து, நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிறது. கரையோரம் மலையும் சவுக்கு மரங்களும் காற்றைத் தடுப்பதால் தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் காற்று கீழே இறங்கித் தண்ணீரைத் தொடும். அங்கிருந்து எல்லாம் வெளியே போகும்.

ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் ஓர் ஆகஸ்ட் ஞாயிறு. எங்கள் அலுவலகக் குடும்பங்கள் நாலைந்து சவுக்கு மரத்தடியில் பாய் விரித்திருந்தோம். வட இந்தியச் சுற்றுலாக் குடும்பம் ஒன்று பக்கத்தில். அவர்களுடைய பெண், எட்டு வயது இருக்கும், ஃப்ளமிங்கோ உருவத்தில் காற்றடைத்த மிதவையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்பா முழங்கால் தண்ணீரில் நின்று போட்டோ எடுத்தார். தண்ணீரில் ஒரு கோடு தெரியும். இந்தப் பக்கம் வழவழப்பு, அந்தப் பக்கம் மேல்தோல் சுருங்கினாற்போலச் சின்னச் சின்ன அலை. மிதவை அந்தக் கோட்டைத் தாண்டியதும் நீட்டிய கழுத்து பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக்கொண்டது. திரும்பிய முகம் தெரியாமல் அவள் முதுகு மட்டும் தெரிய ஆரம்பித்தது. அப்பா நீந்திப் பார்த்தார். நீந்துகிற மனிதனைவிட அது வேகமாகப் போனது.

எங்களோடு இருந்த அலுவலக டிரைவர், அந்த ஊர்க்காரர், பெண்ணின் அப்பாவைத் தண்ணீரிலிருந்து திரும்பி வரச் சொல்லிக் கத்திவிட்டு, மணலில் ஏற்றி வைத்திருந்த மீனவர் படகை நோக்கி ஓடினார். இரண்டு பேர் சேர்ந்து தள்ளி இறக்கி மோட்டாரைப் போட்டுப் போய்ப் பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். அவள் மிதவையை விட்டு இறங்காமல் இருந்ததுதான் அவளைக் காப்பாற்றியது. அவளுடைய விரல்களைப் பிளாஸ்டிக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது.

எனவே மேற்கே போங்கள், நீந்துங்கள், முகமூடி போட்டு மீன் பாருங்கள். காற்றடைத்த எதையும், நின்று துடுப்புப் போடும் பலகை உட்பட, அந்த மாதத்தில் அங்கே பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். தெரிந்த பெரியவர்கள் போனாலும் போகும்போது காற்றை எதிர்த்துப் போய், வரும்போது காற்றோடு வரும் திசையைத் தேர்ந்தெடுங்கள்.

செட்டாநகர், ஜூன் 13, பகல் 1.20

“மும்பைக் கடல் மாதிரி இல்லை” என்று ஏஜென்ட் சொன்னதற்கு.

உண்மைதான், வேறு விதத்தில். மும்பையில் கடல் ஏறி இறங்கும் உயரம் சில நாட்களில் 5 மீட்டரை நெருங்கும். மழைக்காலத்தில் 4.5 மீட்டர் தாண்டும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே அறிவிக்கிறது. மொரீஷியஸில் அந்த ஏற்றமும் இறக்கமும் அரை மீட்டர், கொஞ்சம் கூட. அதனால் அங்கே கடல் கரையை விட்டு விலகிப் போவதோ, திடீரென்று சூழ்ந்துகொள்வதோ கிடையாது. மும்பை அக்ஸா கடற்கரையில் வருஷா வருஷம் பிள்ளைகள் மூழ்கிப் போவதைப் பார்த்த நமக்கு இது பெரிய நிம்மதியாகத் தோன்றும். மும்பைக் கடல் தன் முகத்திலேயே மிரட்டலை எழுதி வைத்திருக்கிறது, லகூன் எழுதி வைப்பதில்லை. அதனால்தான் பாஸ், காற்று என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

செட்டாநகர், ஜூன் 16, காலை 10.30

ஞாயிற்றுக்கிழமை, மழை, வெளியே போக முடியாது. பேக்கேஜில் உள்ளதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாராசெயிலிங் நல்ல அனுபவம். லகூன் நடுவே மிதக்கும் மேடையில் ஏற்றிக்கொண்டு, படகு இழுக்க மேலே போவீர்கள். மேலிருந்து பார்த்தால் பார், பாஸ், மணல் திட்டு எல்லாம் வரைபடம் மாதிரி தெரியும். காற்று பலமான நாளில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாத ஆள் கிடைத்தால் நீங்களே மறுத்துவிடுங்கள். படகுக்கும் படகோட்டிக்கும் சுற்றுலா ஆணையம் உரிமம் தருகிறது, காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

ட்யூப், பனானா போட் இரண்டும் படகு பின்னால் கட்டி இழுக்கும் மிதவைகள், ஆளைக் கவிழ்ப்பதற்காகவே ஓட்டப்படுபவை. நீச்சல் தெரியாதவர் உயிர்காப்பு உடை போட்டிருந்தாலும், விழுந்ததும் மூக்கில் ஏறும் தண்ணீரிலேயே பயந்துபோவார். 5 வயதுப் பையனுக்கு வேண்டவே வேண்டாம். பெண்ணுக்கு, அவளே ஆசைப்பட்டால், வேகம் குறைத்து ஓட்டச் சொல்லி ஒரு பெரியவர் பின்னால் உட்காருங்கள். உடை அளவு முக்கியம். தோளைப் பிடித்து மேலே தூக்கினால் காதுவரை வரக் கூடாது.

கடலடி நடைக்கு நீச்சல் தேவையில்லை. படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும் பெரிய ஹெல்மெட்டைத் தலையில் வைத்து, 3, 4 மீட்டர் ஆழத்தில் மணலில் நடக்க விடுவார்கள். கிராண்ட் பே பக்கம் அதிகம். தலை நனையாது, கண்ணாடி போட்டவர்கூடக் கண்ணாடியோடு போகலாம். காது மட்டும் அடைக்கும். மூக்கைப் பிடித்து ஊதவோ, எச்சில் விழுங்கவோ பழகிக்கொண்டு போங்கள். சளி இருந்தால் போகக் கூடாது. அப்பா அம்மாவுக்கு ஆஸ்துமாவோ இதய மருந்தோ இருந்தால் டாக்டர் சொல்லாமல் இறக்காதீர்கள். மீனுக்கு ரொட்டித் துண்டு கையில் கொடுப்பார்கள். நான் வாங்க மாட்டேன். ரொட்டிக்குப் பழகிய மீன் பவளத்தின் மேல் பாசி மேய்வதை விட்டுவிடும், பாசி பவளத்தை மூடிவிடும்.

கண்ணாடிப் படகு பெரியவர்களுக்கு. எங்கே என்று தனியாக எழுதுகிறேன்.

இந்த ஐந்தையும் மும்பையிலிருந்தே காசு கட்டிப் பதிவு செய்வதில்தான் எனக்குக் கோபம். காற்று எப்படி இருக்கும் என்று அன்று காலை கரையில் நின்றால்தான் தெரியும். காசு கட்டிவிட்டோமே என்பதற்காக மோசமான நாளில் படகில் ஏறும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாந்தி எடுத்தபடி, பிள்ளையைக் கட்டிப்பிடித்தபடி. அங்கே போய் எடுங்கள்.

செட்டாநகர், ஜூன் 16, பகல் 2.10

மீசை வைத்தவர்களுக்கு ஒரு குறிப்பு. முகமூடியின் ரப்பர் விளிம்பு மீசைமேல் சரியாக ஒட்டாது, மூக்கடியில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் மீசையை எடுக்க மாட்டேன் என்றார். டைவிங் கடையில் சிலிகோன் பசை தடவிவிட்டார்கள், கசிவு நின்றது. வாசலீன் வேண்டாம், ரப்பரை அரித்துவிடும். மூக்குக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு அளவுக்கு மழித்தாலும் போதும் என்று கடைக்காரர் சொன்னார். அதற்கும் இவர் சம்மதிக்கவில்லை.

செட்டாநகர், ஜூன் 23, இரவு 9.30

கைட் சர்ஃபிங் (காற்றாடி இழுக்க, பலகையில் நின்று தண்ணீர்மேல் போகும் விளையாட்டு) பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இது முலுண்ட் குடும்பத்துக்கானது அல்ல, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியாது.

தென்மேற்கு முனையில் ல மோர்ன். 556 மீட்டர் உயரத்தில் ஒற்றைப் பாறை மலை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். கிழக்கே தொல்லையாக இருக்கிற அதே தென்கிழக்குக் காற்று இங்கே மலையைச் சுற்றி வந்து கரைக்குப் பக்கவாட்டில் ஓடுகிறது. உள்ளே ஆழமில்லாத லகூன், வெளியே உலகெங்கும் பேர்போன அலை. கற்பவருக்கும் தேர்ந்தவருக்கும் ஒரே கடற்கரையில் இடம் இருப்பது அபூர்வம்.

என் அக்கா மகள் அங்கே கற்றுக்கொண்டாள். பலகையைக் காலில் மாட்டுவதற்கு முன் பாடம் முழுக்கக் காற்றாடியைப் பற்றித்தான். முதலில் மணலில் நின்று சின்னக் காற்றாடியைத் தலைக்கு மேல் அசையாமல் நிறுத்த வேண்டும். அப்புறம் தண்ணீரில் குப்புறப் படுத்து, ஒரு கை முன்னே நீட்டி, அது இழுக்க இழுக்கப் போக வேண்டும். காற்றாடியை உடம்போடு இணைக்கும் ஹார்னஸ் பட்டை இடுப்பெலும்பில் உரசி இரண்டு பக்கமும் சிவந்து தடித்திருந்தது. உப்புத் தண்ணீர் படும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆசிரியர் விடாமல் கேட்டது ஒன்றே ஒன்று: காற்றாடியைக் கழற்றிவிட வேண்டுமென்றால் எதை இழுப்பாய்? கேட்ட நொடியில் கை சிவப்புக் கொக்கிக்குப் போக வேண்டும். தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டாலும் போகும் அளவுக்குப் பழக்கிய பிறகுதான் பலகையைக் கொடுத்தார்.

அங்கேயும் வில்லன் பாஸ்தான். காற்றாடி விழுந்து எழுப்ப முடியாமல் போனால் நீரோட்டம் மெல்ல வெளியே கொண்டுபோகும். ‘ஒன் ஐ’ என்கிற அலைப்பக்கம் கற்பவர்கள் தலைகாட்டக் கூடாது. மலையில் உள்ள ஓட்டை கண் மாதிரி தெரிகிற நேர்கோட்டில் அந்த அலை இருப்பதால் அந்தப் பேர். பள்ளிக்காரர்கள் மீட்புப் படகு வைத்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள், விலையை அப்புறம் கேட்கலாம்.

‘நீருக்கடியில் அருவி’ என்று எல்லோரும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் ல மோர்ன் பக்கத்துக் கடல்தான். அருவி எதுவும் இல்லை. மணலும் வண்டலும் பாறைத் திட்டின் விளிம்பிலிருந்து ஆழத்துக்குச் சரிவது மேலிருந்து பார்த்தால் கொட்டுவது போலத் தெரிகிறது. படகில் போனால் ஒன்றும் தெரியாது, ஹெலிகாப்டரில் போனால்தான் தெரியும். படகில் காட்டுகிறேன் என்று யாராவது காசு கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

அந்த மலையில் ஒரு காலத்தில் தப்பி வந்த அடிமைகள் ஒளிந்து வாழ்ந்தார்கள். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. 1835இல் அடிமைமுறை ஒழிந்த பிப்ரவரி 1 அங்கே அரசு விடுமுறை. மலையடியில் நினைவிடம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், அரை மணி நேரம் போதும்.

செட்டாநகர், ஜூலை 2, இரவு 11.40

தெற்குக் கரை கேட்டவருக்கு: க்ரி க்ரியில் பார் கிடையாது. பெருங்கடல் நேராகக் கரும்பாறையில் வந்து அறைகிறது. நின்று பார்க்க அவ்வளவு அழகு. குளிக்க அல்ல.

முருகன் கோயில் கேட்டவருக்கு: காத்ர் போர்னில் கோர் த கார்த் மலைச்சரிவில் இருக்கிறது, படியேறிப் போக வேண்டும். நம் செம்பூர் செட்டா நகர் முருகன் கோயில் படியை ஏறியவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. தைப்பூசம் அந்த நாட்டில் அரசு விடுமுறை, காவடிக் கூட்டம் ரோடு அடைத்து வரும். அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, தமிழ் எண்ணும் இருக்கிறது. 1998இல் தமிழுக்கு முன்னால் இந்தியை அச்சிட்டு வந்த நோட்டுகளைத் தமிழர்கள் எதிர்த்ததும் அரசு திரும்பப் பெற்றது. பேச்சு பெரும்பாலும் கிரியோல்தான். ஆனால் கடற்கரையில் காத்தோ பிமான் விற்கும் அம்மாவிடம் “வடை” என்று சொன்னால் சிரித்துவிட்டு இரண்டு கூடப் போடுவார். பருப்பு வடையேதான் அது.

கணபதி கேட்டவருக்கு: கணேஷ் சதுர்த்திக்கு அங்கேயும் விடுமுறை, கடலில் கரைப்பார்கள். அன்று பொதுக் கடற்கரைகளில் கூட்டம் இருக்கும். தாதர் சௌபாத்தி அளவுக்கு நினைக்க வேண்டாம்.

செட்டாநகர், ஜூலை 14, மாலை 5.00

காலணி பற்றி. ரப்பர் அடியுள்ள நீர்ச்செருப்பு ஆளுக்கு ஒரு ஜோடி, இங்கேயே வாங்கிவிடுங்கள். லகூனில் கடல் முள்ளெலிகள் நிறைய. முள் குத்தினால் வலியோடு போகும். கல்மீன் குத்தினால் அப்படி இல்லை. கல்லா மீனா என்று கண்ணுக்கே தெரியாது, முதுகு முள்ளில் கடும் விஷம். மிதித்துவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், காலை வைத்திருக்க வேண்டும். அந்தச் சூடு வலியைக் கட்டுப்படுத்தும். வைத்துக்கொண்டே ஆம்புலன்ஸை அழையுங்கள், எண் 114. ஐஸ் வைக்கக் கூடாது.

2018 ஆகஸ்டில் ஜூஹுவில் நீலக் குடுவை ஜெல்லி ஒதுங்கிப் பலரைக் கொட்டியது நினைவிருக்கும். எலுமிச்சை தேய்த்தார்கள், மணலைத் தேய்த்தார்கள். தேய்க்கவே கூடாது. ஒட்டியிருக்கும் இழையை மெல்ல எடுத்துவிட்டுக் கடல் தண்ணீரால் கழுவி, அதற்கும் சுடுதண்ணீர்தான்.

மணல் தெரியும் இடத்தில் நடங்கள். கல்லும் புல்லும் உள்ள இடத்தில் மிதந்து போங்கள்.

செட்டாநகர், ஜூலை 27, இரவு 10.15

கண்ணாடிப் படகைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று எழுதக் காரணம், நேற்று முன்தினம் ஜூலை 25.

2020இல் அந்தத் தேதியில் வகாஷியோ என்ற ஜப்பானியருக்குச் சொந்தமான சரக்குக் கப்பல் தென்கிழக்கில் புவாந்த் தெஸ்னிக்கு எதிரே பாரில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6இல் எண்ணெய் கசிய ஆரம்பித்து, ஏறத்தாழ 1,000 டன் கடலில் கலந்தது. நான் அப்போது மும்பை திரும்பிவிட்டேன், ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்தேன். கூட வேலை பார்த்தவர்கள் வீடியோ அனுப்பினார்கள். யாரும் சொல்லிக் காத்திருக்கவில்லை. கரும்புச் சோகையைத் துணிப்பையில் திணித்துத் தைத்து, பிளாஸ்டிக் பாட்டில் கட்டி மிதக்க விட்டு, எண்ணெயைத் தடுக்க நீளநீளமாக வேலி கட்டினார்கள். எண்ணெயை உறிஞ்சும் என்று தலைமுடியை வெட்டிக் கொடுத்தார்கள். எங்கள் அலுவலகத்தில் எப்போதும் நகம் கலையாமல் இருக்கும் ஒரு பெண், முழங்கை வரை கருப்பாக, கோணி ஊசியோடு உட்கார்ந்திருந்த படம் இன்னும் என் போனில் இருக்கிறது.

புளூ பே அங்கிருந்து கூப்பிடு தூரம். 353 ஹெக்டேர் கடற்பூங்கா, 2008இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தப்பித்தது. கண்ணாடிப் படகு போனால் அங்கே போங்கள். மூளை வடிவப் பவளம் ஒன்றைக் காட்டுவார்கள், படகின் கண்ணாடிச் சட்டத்துக்குள் முழுசாக அடங்காது. காலை ஒன்பதுக்குள் போனால் காற்று எழுந்திருக்காது. படகு ஏற முழங்கால் அளவு தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கலாம். அம்மாவைச் சேலையைத் தவிர்த்து சல்வார் போடச் சொல்லுங்கள். தண்ணீரில் இறங்கி மீன் பார்ப்பவர்கள் பவளத்தின் மேல் நிற்காதீர்கள், தொடாதீர்கள். சன் க்ரீமைப் பூசிக் குளிப்பதற்குப் பதில் முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், முதுகும் வேகாது.

தாமரினில் டால்ஃபினோடு நீந்தும் பயணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ராத்திரி முழுக்க ஆழ்கடலில் இரை தேடிவிட்டு அவை விரிகுடாவுக்குத் தூங்க வருகின்றன. அந்த நேரத்தில் மோட்டார் படகுகள் வட்டம் கட்டி, ஆட்கள் மேலே குதிக்கிறார்கள். நான் ஒரு முறை படகில் இருந்து பார்த்தேன், குதிக்கவில்லை. பரிந்துரைக்க மாட்டேன்.

செட்டாநகர், ஆகஸ்ட் 11, பகல் 12.45

ஏஜென்ட் ரிசார்ட்டை மாற்ற மறுக்கிறார், பணம் திரும்பாது என்கிறார் என்று முலுண்ட்காரர் எழுதியிருக்கிறார். பரவாயில்லை தம்பி. கிழக்குக் கரையைப் பற்றி மறுபடி யோசித்தேன்.

பிள்ளைகள் மணலில் விளையாடி, கரையோரம் நனைகிற வயதில் கிழக்கு அப்படியொன்றும் மோசமில்லை. காற்று அவர்களைக் கரைக்குத்தான் தள்ளும். எட்டரை ஒன்பதுக்குள் காற்று சோம்பலாக இருக்கும், அப்போது இறக்குங்கள். பத்துக்கு மேல் காரை எடுத்துக்கொண்டு மேற்கே வாருங்கள். சின்னத் தீவு, மோன் ஷுவாசிக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஸ்டீயரிங் நம் பக்கம்தான், ரோட்டின் இடது பக்கம்தான். கடற்கரை எல்லாம் பொது, உயர் நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே எந்த ரிசார்ட்டும் உங்களைத் துரத்த முடியாது. ஈல் ஓ செர்ஃப் தீவுக்கு உங்கள் இடத்திலிருந்து படகு பக்கம், த்ரூ தோ தூஸில் ஏறலாம். பாராசெயிலிங்கும் அங்கேயே கிடைக்கும். அந்தத் தீவுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள கால்வாயில் மட்டும் நீந்த வேண்டாம். மணல் திட்டு திடீரென்று முடியும், இழுப்பு இருக்கிறது, படகுகளும் விரையும்.

குளிருக்குப் பிள்ளைகளுக்கு அரைக்கை வெட்சூட் எடுத்துப் போங்கள். மும்பையில் விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கிறது.

இன்னொன்று. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நீங்களும் பெண்ணும் முலுண்டில் ஏதாவது குளத்தில் சேருங்கள். நீச்சல் முழுசாக வராது. மல்லாந்து மிதக்கவும், தண்ணீர் முகத்தில் அடித்தால் பதறாமல் இருக்கவும் வரும். அது போதும்.

செட்டாநகர், ஆகஸ்ட் 29, இரவு 11.10

பெண் மிதக்கிறாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

கடைசிக் கேள்விக்கு: மனைவி ஸ்கூபா போவதானால் வந்திறங்கிய முதல் இரண்டு நாளில் முடித்துக்கொள்ளட்டும். ஆழத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும், விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் அது குமிழாகிவிடும். ஒரு முறை டைவ் செய்தால் 12 மணி நேரம், அதற்கு மேல் செய்தால் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம். இரண்டுக்கும் 18 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடலடி நடைக்கு இது பொருந்தாது, ஆழம் குறைவு. கோர் த கார்த் மலை ஏறுவதை மட்டும் டைவ் அன்றைக்கு வைக்காதீர்கள்.

நீங்கள் திரும்புவது திங்கட்கிழமை என்றால் மஹேபூரில் அன்று சந்தை. தால் பூரி, உப்பும் மிளகாயும் புளியும் தடவிய அன்னாசி எல்லாம் கிடைக்கும், விமான நிலையம் அங்கிருந்து கிட்டத்தில்தான். அப்பாவுக்கு அலூடா வாங்கிக் கொடுங்கள், நம் ஃபலூடா குடும்பம்தான் அது.